கூரைக்குக் கூரை

வலது தோளிலிருந்து முழங்கை வரை ஒரே குத்தல். போர்வையை விலக்கக்கூடத் தொமினோவுக்கு இடது கைதான் உதவியது. எழுபத்து நான்கு வயதில் தோள் வலிப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. பதினேழு வயதில் அணைக்கட்டு வேலையில் சரளைக் கூடை தூக்க ஆரம்பித்த தோள் அது. தோளைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை. கவலையெல்லாம் சமையலறைக் கதவைப் பற்றித்தான். நேற்று வரை ஒரு விரலால் தள்ளினால் நகர்ந்த கதவு, இன்று இரண்டு கையாலும் இழுத்தும் பாதியில் நின்றுவிட்டது.

கதவு இறுகினால் மேலே உத்தரம் அமுங்குகிறது என்று அர்த்தம். வெளியே போய் அண்ணாந்து பார்த்தாள். கூரையின் மேல் ஐந்தடிப் பனி. ஜனவரி பாதிகூட முடியவில்லை.

தனியாகக் கூரையில் ஏறமாட்டேன் என்று மகள் ரிட்சுகோவிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். ஏறினது தெரிந்தால் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வந்து நகரத்துக் குளிர்கால விடுதியில் சேர்த்துவிடுவேன் என்று மகள் சொல்லியிருந்தாள். மிரட்டல் இல்லை, சொன்னால் செய்கிறவள். அந்த விடுதியில் வெதுவெதுப்பான கூடத்தில் கிழடுகள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்து டிவி பார்க்கும். ஒரு குளிர்காலம் மட்டும் என்று சொல்லி இந்த ஊரிலிருந்து ஐந்து பேர் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. ஒரு குளிர்காலம் அடுப்பு எரியாத வீடு அடுத்த குளிர்காலத்தைத் தாங்காது. அந்த ஐந்து வீடுகளும் இப்போது கம்ப்யூட்டரில் விலைச் சீட்டோடு கிடக்கின்றன.

ஆகவே தொமினோவுக்கு வேண்டியது ஒரு ஆள். கூரையில் ஒருவர், கீழே ஒருவர். கீழே இருப்பவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் ஓடிப்போய்ப் பனியைத் தோண்ட வேண்டும். சரிந்த பனிக்கடியில் போனவனுக்கு அதிக நேரம் கிடையாது.

நாற்பத்திரண்டு குளிர்காலம் அந்த ஆள் பக்கத்து வீட்டு ஹாட்சுயேயாக இருந்தாள். ஊரில் எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்பதால் வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவது. தொமினோ கிணற்றடி. ஹாட்சுயே வளைவு வீடு. இரண்டு பேரின் புருஷன்மார்களும் அறுவடை முடிந்ததும் தோக்கியோவுக்குப் போய்விடுவார்கள். அங்கே மண்ணுக்கடியில் ரயிலுக்குக் குழி தோண்டிவிட்டு மார்ச்சில்தான் வருவார்கள். அவர்கள் பூமிக்கு அடியில் இருந்த மாதங்களில் இவர்கள் கூரைக்கு மேலே இருந்தார்கள். இன்று கிணற்றடிக் கூரை, நாளை வளைவு வீட்டுக் கூரை. "இருக்கியா?" என்று கீழிருந்து ஒரு குரல். "இருக்கேன்" என்று மேலிருந்து ஒரு குரல். சில குளிர்காலங்களில் நாள் முழுக்க அவர்கள் பேசிக்கொண்டதே அவ்வளவுதான்.

கூரைக்குக் கூரைதான் கணக்கு. காசு கிடையாது. ஒரு நாள் வாங்கினால் ஒரு நாள் கொடுக்க வேண்டும். அதுவும் ஆளுக்கு ஆள் இல்லை, வீட்டுக்கு வீடு. முன்னொரு டிசம்பரில் கோவிலடி வீட்டுப் பெரியவர் செத்தபோது, சாவுக்கு வந்த அவர் தம்பி நல்ல உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் கிணற்றடிக் கூரையில் ஏறினான். அண்ணன் கடனாக வாங்கிய நாள் அது. அதற்குப் பிறகுதான் சடங்கு.

ஹாட்சுயே இரண்டு வருஷத்துக்கு முன் மகன் வீட்டுக்குப் போய் அங்கேயே செத்தாள். மகன் வீட்டைப் பாத்திரம் பண்டத்தோடு எட்டு லட்சம் யென்னுக்கு விற்றான். வாங்கினவன் யோரிஸ் என்கிற பெல்ஜியத்துக்காரன். இந்த மலையில் அவனுக்கு நான்கு வீடுகள். பனி பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறான். வருகிறவர்கள் தொமினோவைப் போட்டோ எடுத்துவிட்டுப் போவார்கள். போன குளிர்காலம் பனி குறைவாக விழுந்ததால் ஒப்பேறிவிட்டது. இந்த வருஷம் அப்படி இல்லை. நகரத்துக் கூலி ஆட்களுக்கு மார்ச் வரை இடைவெளி இல்லை. ஊரில் மிச்சமிருந்த மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவர் கூரையை ஒருவர் பார்ப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கினார்கள்.

தேநீர் குடித்துக்கொண்டே யோசித்தாள். வளைவு வீட்டுக் கூரையிலும் ஐந்தடிப் பனி. அதை இறக்கிவிட்டால் அந்த வீடு தனக்கு ஒரு நாள் கடன்பட்டுவிடும். கேட்டுச் செய்தாலும் கேட்காமல் செய்தாலும் கடன் கடன்தான். மகளிடம் செய்த சத்தியம் தன் கூரையைப் பற்றியது. அடுத்த வீட்டுக் கூரையைப் பற்றி ரிட்சுகோ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ஏணியைச் சார்த்தினாள். கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கூரைக்கு அந்தப் பக்கம் வீசித் தூணில் இறுக்கினாள். இளவயதில் ஒரு நாளில் முடிகிற வேலை, இரண்டு நாள் இழுத்தது. பனியைச் சதுரம் சதுரமாக வெட்டி மண்வாரியால் தள்ளுவாள். கீழே அது தொப்பென்று விழுகிற சத்தம். பிறகு எதுவும் இல்லை. பல தடவை அவள் தன்னை அறியாமல் "இருக்கேன்" என்று சொன்னாள். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். மூன்றாவது தடவை வெட்கமாக இருந்தது. நான்காவது தடவை அதுவும் இல்லை.

இரண்டு நாள் ஆனாலும் ஒரு நாள் என்றுதான் மனதில் கணக்கு வைத்தாள். கூடுதலாக எடுத்த நாள் தன் கிழட்டு உடம்பின் கணக்கு. அதை அடுத்தவன் தலையில் கட்டக்கூடாது.

மூன்று நாள் கழித்து இனோமாதா வந்தான். ரயிலடியில் டாக்ஸி ஓட்டுகிறவன். வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிப்போட்ட ஒன்பது வீட்டுச் சாவியும் அவன் இடுப்பில்தான். வளைவு வீட்டுக் கூரையைப் படம் எடுத்து அனுப்பியதாகவும் முதலாளி யோரிஸ் அசந்துபோய்விட்டதாகவும் சொல்லி, இரண்டு கையாலும் ஓர் உறையை நீட்டினான். இருபதாயிரம் யென். தொமினோ வேண்டாம் என்றாள். இந்தப் பக்கத்தில் எதையும் இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாவது முறை வாங்குவதுதான் மரியாதை. அவனும் சலிக்காமல் மூன்று முறை நீட்டினான். மூன்றாவது முறையும் அவள் கையை மடக்கிக்கொண்டு நிற்கவே குழம்பிப்போய்ப் போனான்.

அடுத்த வாரம் முப்பத்தைந்தாயிரமும் ஒரு பெட்டி சாக்லேட்டுமாக வந்து நின்றான்.

"போன தடவை கம்மின்னு முதலாளிக்கே மனசு கேக்கலையாம் அத்தை."

"நான் கூலிக்காரி இல்லப்பா. வளைவு வீடு எனக்குத் தரவேண்டியது ஒரு நாள்."

"எந்த நாளு?"

"கூரை நாளுடா. உங்கம்மா உசுரோட இருந்து நீ இதைக் கேட்டிருந்தா, உன்னைப் பனியில தலைகீழா நட்டு வச்சிருப்பா."

இனோமாதாவின் காது சிவந்தது. அவன் அம்மா அடுத்த பள்ளத்தாக்குக்காரி. விஷயம் புரிந்துவிட்டது, புரிந்ததுதான் அவனுக்குச் சங்கடம். பெல்ஜியத்தில் உட்கார்ந்து வாடகை வாங்குகிறவரைப் போய் மண்வாரி பிடிக்க வா என்று எப்படிச் சொல்வது என்று இழுத்தான். இந்தக் காசுக்கு எங்கேயாவது ஓர் ஆளைப் பிடித்து அனுப்புகிறேன் என்றான்.

"கூலி ஆள் காசை வாங்கிட்டுப் போயிருவான். அடுத்த வருஷம் யாரு? அதுக்கடுத்த வருஷம் யாரு?" என்றாள் தொமினோ. "வாசல்ல வளைவு வீடுன்னு பலகை மாட்டியிருக்காருல்ல? பேரு நல்லாருக்குன்னு எடுத்துக்கிட்டாருல்ல? அந்தப் பேருக்கு உண்டான கடனையும் எடுத்துக்கச் சொல்லு."

சாக்லேட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள். அது வேறு கணக்கு.

பிப்ரவரி முதல் வாரம் இனோமாதாவோடு யோரிஸே வந்தான். நல்ல உயரம், செம்பட்டைத் தாடி. கிணற்றடி வீட்டுக்குள் நுழையும்போதே நிலையில் தலையை இடித்துக்கொண்டு, நிலையிடமே மன்னிப்புக் கேட்டான். தொமினோவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. மூவரும், அடியில் கணப்பு வைத்துப் போர்வை மூடிய சூட்டுமேஜைக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். யோரிஸ் போனை மேஜையில் வைத்து, அதில் பேசும்படி சைகை காட்டினான். அது இரண்டு பாஷையையும் மாற்றிச் சொல்லுமாம்.

அவள் போனுக்குள் குனிந்து, "என் கூரையை உனக்காகத்தான் விட்டு வச்சிருக்கேன். எப்ப வர்றே?" என்றாள்.

போன் எதையோ சொன்னது. யோரிஸின் முகம் மலர்ந்தது. எழுந்து போய் உத்தரத்தைத் தட்டிப் பார்த்தான். அடுக்களையை எட்டிப் பார்த்தான். சுவரில் இருந்த அவள் புருஷனின் படத்துக்கு மரியாதையாகத் தலை குனிந்தான். பிறகு போனிடம் நிறையப் பேசினான். அது ஒரு பெண் குரலில், மெதுவாக, திருத்தமாகச் சொன்னது: "உங்கள் வீட்டை வாங்குவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பத்து லட்சம் யென் தருகிறேன். பொருட்களை அப்படியே விட்டுச் செல்லலாம்."

இனோமாதா பாயைப் பார்த்தான். ஹாட்சுயேவின் வீட்டைவிட இரண்டு லட்சம் கூட என்பது மட்டும் தொமினோவின் மண்டையில் ஓடியது.

"அந்தப் பொட்டியை அணைக்கச் சொல்லு" என்றாள்.

இனோமாதா கையைக் காலை ஆட்டி, தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் விளக்கினான். கூரை, உன் கூரை, அவங்க கூரை, ஒரு நாள், ஒரு நாள். யோரிஸ் தாடி வரைக்கும் சிவந்துவிட்டான். நெற்றி மேஜையில் படுகிற மாதிரி குனிந்தான். நாளைக் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னான்.

ஏழுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டான். பனிச்சறுக்கு ஆடுகிறவர்களின் பளபளப்பான உடுப்பு. தொமினோ அவன் இடுப்பில் தன் கையால் கயிறு கட்டினாள். "இருக்கியா" என்றால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும் என்று நான்கு தரம் சொல்லிக் கொடுத்தாள். முதலில் தெற்குப் பக்கம். மண்வாரியை அவன் பிடித்த பிடியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உடம்பில் பலம் இருந்தது. பனி பாளம் பாளமாக விழுந்தது. கீழே நின்று அவள் கூப்பிட்டாள். மேலிருந்து கோணல்மாணலாக ஓர் "இருக்கேன்" வந்தது. அவள் தேவைக்கு அதிகமாகவே கூப்பிட்டாள். இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. அவன் ஒரு தடவைகூடத் தவறாமல் பதில் சொன்னான்.

நண்பகலில் தெற்குப் பக்கம் தகரம் தெரிந்தது. கூரை வாங்குகிற வீடுதான் சோறு போட வேண்டும். சோயா விழுது தடவிச் சுட்ட சோற்று உருண்டை, முள்ளங்கி ஊறுகாய், காலையிலேயே கொதிக்க வைத்த மீன் கறி. அவன் ஐந்து உருண்டை தின்றான். ஆறாவதை அவன் கையில் திணித்தாள். அந்த நேரம் போன் அடித்தது. ஒரு மணி ரயிலில் வளைவு வீட்டுக்கு ஆறு பேர் வருகிறார்கள், அவன் போய்த்தான் கூட்டி வர வேண்டும். வடக்குப் பக்கத்தைக் காட்டி, வானத்தில் சூரியன் சுற்றுவதைப் போல விரலைச் சுற்றிக் காட்டினான். நாளைக்கு. தொமினோ தலையை ஆட்டினாள்.

அன்று சாயங்காலமே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அவனுடைய இன்னொரு வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிட்டது. யோரிஸ் அங்கே ஓடினான்.

ஒரு பக்கம் மட்டும் பனி இறக்கிய கூரை, இறக்காத கூரையைவிட மோசம். முழுப் பாரம் என்றால் வீடு நேராகத் தாங்கும். பாதிப் பாரம் என்றால் ஒரு பக்கமாகச் சாயும். இந்த ஊரில் பிறந்த எவரும் பாதியில் இறங்கமாட்டார்கள். பெல்ஜியத்துக்காரனுக்கு அது தெரியாது. சொல்லியிருக்க வேண்டியவள் தொமினோ. அது சொல்லித் தரவேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டுக் காத்திருந்தாள். பனி கொட்டியது. அதற்கடுத்த நாளும் வடித்தாள். வளைவு வீட்டு விருந்தாளிகள் வாசலில் பனிப் பொம்மை செய்து, அவளைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். அவளும் ஆட்டினாள். மூன்றாம் நாள் விடியும்போது வடக்குச் சுவரில் கட்டை முறுகும் சத்தம் கேட்டது. சமையலறைக் கதவு அசையவே இல்லை. ஏணியிடம் போய் நின்றாள். வலது கை காது உயரத்துக்கு மேல் ஏறவில்லை. இந்தக் கையோடு மேலே போனால் சத்தியம் மீறினதாக ஆகும், பனியும் இறங்காது. உள்ளே வந்து ரிட்சுகோவுக்குத் தானே போன் செய்தாள்.

மகள் மறுநாள் காலையில் வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. குழாய்களில் இருந்த தண்ணீரை வடித்தாள், அடுப்பை அணைத்தாள், அப்பாவின் படத்தைத் துணியில் சுற்றி, காரில் உட்கார்ந்த அம்மாவின் மடியில் வைத்தாள். பெட்டியைத் தூக்க இனோமாதா வந்திருந்தான். முதலாளி நேற்றே விமானம் ஏறிவிட்டார் என்றான். கூரையில் நின்று எடுத்த படத்தை ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்களாம். அடுத்த வருஷத்திலிருந்து விருந்தாளிகளுக்குக் கூரைப் பனி இறக்குகிற அனுபவம் என்று ஒன்று வைக்கப்போகிறாராம், தலைக்கு எட்டாயிரம் யென்.

"எனக்குத் தருவாங்களா?" என்றாள் தொமினோ.

"இல்லத்தை. அவங்கதான் முதலாளிக்குக் குடுப்பாங்க."

தொமினோ சிரித்தாள். மகள் எஞ்சினை ஓடவிட்டு முன்கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொமினோ தன் பக்கத்துக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.

"முதலாளிகிட்ட மறக்காம சொல்லிரு. நல்ல பையன்தான், அரை நாள் குடுத்துட்டான், அதைக் கழிச்சுக்கிட்டேன்."

"சரிங்கத்தை."

"வளைவு வீடு கிணத்தடிக்கு இன்னும் அரை நாள் கூரை பாக்கி. வடக்குப் பக்கம்."