பெயர் சொல்லித் தூக்கிய பந்து

பந்து வேம்புவுக்கும் தையல்நாயகிக்கும் நடுவில் இறங்கியது. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். வேம்பு கையைத் தூக்கினாள். பக்கத்தில் நிற்பது தையல்நாயகி என்று தெரிந்ததும் கையை இறக்கிக்கொண்டு ஓரடி ஒதுங்கினாள். வேம்பு எடுத்துவிடுவாள் என்று தையல்நாயகி சும்மா நின்றாள். பந்து தொப்பென்று புழுதியில் விழுந்து, உருண்டு, மைதானத்தை ஒட்டி ஓடும் வாய்க்காலுக்குள் போயிற்று.

"வாயில என்ன கொழுக்கட்டையா? யார் எடுக்கிறதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடி குறைஞ்சு போயிடும்?" என்று கத்தினேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சஃபியா கத்தினால் முத்துப்பேட்டை கடைத்தெரு வரைக்கும் கேட்கும் என்று எங்கள் வீட்டிலேயே கேலி பேசுவார்கள். விளையாட்டு டீச்சர் வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது உம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் மீரா உசேன்தான் "போகட்டும், இங்கே இருந்து நம்மளைக் கத்துறதுக்கு அங்கே போயி கத்தட்டும்" என்று சொல்லி, சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வாலிபாலையும் கையில் கொடுத்து, வலங்கைமான் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அந்தப் பந்து வாய்க்காலில் விழும்போதெல்லாம் நானே ஓடிப்போய் எடுத்து முந்தானையால் துடைப்பேன். இன்னொன்று வாங்க இந்த ஜில்லாவில் எங்கே போவேன்?

பெண் பிள்ளைகளுக்கு வாலிபாலா என்று ஹெட்மாஸ்டர் முதலில் இழுத்தார். விடாமல் நச்சரித்து ஆறு பேரைச் சேர்த்தேன். மூன்று பேர் மேலத்தெரு, மூன்று பேர் காலனி. வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காராத பிள்ளைகள் இங்கே ஒரே நெட்டுக்குக் கீழே நின்றார்கள். அதையே பெரிய சாதனையாக நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஆனால் போன இடத்திலெல்லாம் தோற்றோம். எதிர்க்கட்சி அடித்துத் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நாங்கள் தோற்றது எல்லாம் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்த பந்துகளால்தான். கூச்சம் என்று நினைத்தேன். வாய்க்காலுக்கு இந்தக் கரையில் மூன்று பேர், அந்தக் கரையில் மூன்று பேர் என்று நிறுத்திவைத்து, தொண்டை கிழியக் கத்தச் சொன்னேன். நன்றாகத்தான் கத்தினார்கள். மைதானத்துக்குள் வந்ததும் பழையபடி ஊமையாகிவிட்டார்கள்.

ஆடி மாதத்து சனிக்கிழமை ஒன்றில் ஊருக்குப் போக பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ரோட்டை ஒட்டிய வயலில் நடவு. பெண்கள் குனிந்து வரிசையாகப் பின்னோக்கி நட்டுக்கொண்டே வந்தார்கள். வரப்பில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் நாற்று முடிகளை, கட்டுக் கட்டாக, எடுத்து வீசிக்கொண்டிருந்தாள். யாருக்கு நாற்று தீரப்போகிறது என்று பார்த்து, அவள் பெயரைக் கணீரென்று கூப்பிட்டு, கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் முடியை அவளுக்குப் பின்னால் சேற்றில் போட்டுவிடுவாள். குனிந்தவள் நிமிராமலே கையைப் பின்னால் நீட்டி எடுத்துக்கொள்வாள். யார் அவள் என்று உற்றுப் பார்த்தால், எங்கள் வேம்பு. என்னிடம் வாயே திறக்காத வேம்பு. நடவு வரிசையில் அவள் அம்மா ராசம்மாளும் நட்டுக்கொண்டிருந்தாள். நான் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

திங்கட்கிழமை புது ஆட்டம் ஒன்றை ஆரம்பித்தேன். நெட் கிடையாது, எதிர்க்கட்சி கிடையாது. ஆறு பேரும் வட்டமாக நிற்க வேண்டும். பந்தைத் தூக்கும்போதே, அதை யாருக்கு அனுப்பப் போகிறாயோ அவள் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப்பட்டவளைத் தவிர வேறு யாரும் அதை எடுக்கக் கூடாது. பெயர் சொல்லாமல் தூக்கினால் வெளியே. பெயர் முடிவதற்குள் பந்து போய்ச் சேர்ந்துவிட்டாலும் வெளியே. அவ்வளவுதான் விதி. யோசித்துச் செய்கிற வேலையை யோசிக்காமல் செய்யவைப்பதற்குத்தான் இப்படி ஆட்டம் கட்டுவது. ஆயிரம் தடவை நான் 'பேசு, பேசு' என்று கத்துவதைவிட, பேசாவிட்டால் ஆட முடியாது என்று விதி வைத்துவிட்டால் வாய் தானாகப் பழகிவிடும்.

பழகியது. பெயர்கள் சுருங்கின, பந்து பறந்தது. நீளப் பெயர்க்காரி தையல்நாயகிதான். "உன் பேரை முழுசா சொல்றதுக்குள்ள பந்து தரையில விழுந்துரும்" என்று மேலத்தெருப் பிள்ளைகள் அவளைத் 'தையலு' ஆக்கினார்கள். நான் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்த வாரத்தில், தையல்நாயகி பந்தை விட்டுவிட்டுப் போய்க் குழாயடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குப் பந்தே வர்றதில்ல டீச்சர்" என்றாள். கண் நிறைந்திருந்தது. "நீங்களே பாருங்க. சும்மா நடுவுல நிக்கிறேன்."

பார்த்தேன். காலனிப் பிள்ளைகள் மூவரும் அவளைத் தவிர எல்லோரையும் கூப்பிட்டார்கள். அவளைக் கூப்பிட வேண்டிய நேரத்தில், முடியாத கோணத்தில் உடம்பைத் திருப்பி வேறொருத்திக்கு அனுப்பினார்கள். வேம்புதான் அணியில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். தையல்நாயகிதான் எட்டி அடிப்பவள். இவள் கொடுக்காவிட்டால் அவள் எதை அடிப்பாள்? என் ஆட்டம் ஊர் வழக்கத்தை அப்படியே வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறது. எனக்குத்தான் கண் தெரியவில்லை.

வேம்புவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"அவங்க வீட்டு ஆளுங்கள எட்டி நின்னு கூப்பிட மாட்டோம் டீச்சர். கிட்ட போயி, பாப்பான்னு மெதுவாச் சொல்லுவோம். பேரைச் சொல்லிக் கத்துறதுன்னா…" கொஞ்சம் நிறுத்தினாள். "எங்கப்பாவுக்கு இன்னும் பட்டா வரல."

தையல்நாயகியின் அப்பா ரெத்தினம் அந்த ஊரில் பெரிய பண்ணை. வேம்புவின் குடிசை நிற்பது அவர் இடத்தில். குடியிருப்பவனுக்கே அந்த மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டு, ரேடியோவில் சொல்லி, மதகுச் சுவரில் உதயசூரியன் பக்கத்தில் பெரிதாக எழுதியும் வைத்திருந்தார்கள். காகிதம் மட்டும் கைக்கு வரவில்லை. போன அறுவடையில் கூலித் தகராறு வேறு. வேம்புவின் அப்பா ஐயாவு செங்கொடி பிடித்து முன்னால் நின்றவர். இரண்டு பக்கமும் அப்போதிலிருந்து முறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் காலனிக்கே போனேன். ஐயாவு வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்று உட்காரச் சொன்னார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஆடட்டும் டீச்சர், நான் வேணாங்கல. கொடி புடிச்சு ரோட்டுல நின்னு கூலி கேட்டவன்தான் நான். அது நாலு பேரு சேர்ந்து கேக்குறது. இது எம் பொண்ணு தனியா நின்னு அவரு பொண்ணப் பேரு சொல்லிக் கூப்பிடுறது. நாளைக்கு அவரு ஒரு மனு போட்டாருன்னா இந்த இடம் இன்னும் எத்தன வருசம் இழுக்குமோ. பட்டா வர்ற வரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டு ஆடட்டும்."

"வாயைக் கட்டிக்கிட்டு ஆடற ஆட்டம் இல்லங்க இது" என்றேன்.

"நீங்க மாத்தல் வாங்கிட்டு முத்துப்பேட்டைக்குப் போயிடுவீங்க டீச்சர். நாங்க இங்கதான் கெடக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளேயிருந்து ராசம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பெயருக்குப் பதில் நம்பர் வைத்துப் பார்த்தேன். முதுகில் துணி தைத்து ஒன்று, இரண்டு என்று எழுதினேன். ஓடுகிற அவசரத்தில் முதுகு யாருக்குத் தெரியும்? யார் நாலு, யார் ஆறு என்று யோசிப்பதற்குள் பந்து மறுபடியும் வாய்க்காலுக்குப் போயிற்று. துணியையெல்லாம் பிரித்துக் கரும்பலகை துடைக்கக் கொடுத்தேன்.

தையல்நாயகி விடவில்லை. ஒருநாள் நேராக வேம்புவின் முன்னால் போய் நின்றாள். "ஏன் என்னைக் கூப்பிட மாட்டேங்குற? பாப்பான்னு கூப்பிட்டா நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்." வேம்பு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் பட்டா விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"பட்டாவுக்கும் என் பேருக்கும் என்ன டீச்சர்?" என்று தையல்நாயகி நிஜமாகவே புரியாமல் கேட்டாள். பிறகு முகம் மெல்ல மாறியது. "நான் எங்கப்பாகிட்ட சொல்லவா?"

"ஐயோ வேணாம்" என்றாள் வேம்பு. மைதானத்துக்குள் நாங்கள் கேட்ட அவள் குரல்களிலேயே அதுதான் பெரிது.

"அப்ப இங்க பழகுறப்ப மட்டும் பேரு சொல்லட்டும். மேட்சுல வேணாம்" என்றாள் தையல்நாயகி.

அது நடக்காது என்று எனக்குத் தெரியும். பழகுவதே மேட்சில் யோசிக்காமல் வருவதற்குத்தான். இங்கே வாயில் ஏற்றியது அங்கே வந்தே தீரும். நான் கட்டிய ஆட்டம் அப்படிப்பட்டது. அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன். பயமாக இருந்தால் வேம்பு வேறு இடத்தில் ஆடலாம், தூக்கிக் கொடுக்க இன்னொருத்தியைப் பழக்குகிறேன் என்றும் சொன்னேன். அந்தக் கை மாதிரி ஒரு கை எனக்கு எங்கே கிடைக்கும்?

வேம்பு பந்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "பந்து வர்றப்பவே யாருக்குத் தரணும்னு தெரிஞ்சிருது டீச்சர். அவங்கதான் சரியா நிக்கிறாங்க. தெரிஞ்சுக்கிட்டே வேற பக்கம் தூக்குறது… திருடுற மாதிரி இருக்கு. வாயில வந்தா வரட்டும்."

புரட்டாசியில் ஜில்லா மேட்ச் எங்கள் மைதானத்திலேயே வைத்தார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் வந்திருந்தது. எல்லாம் தென்னை மரத்தில் பாதி உயரம் இருக்கிற பிள்ளைகள். ரெத்தினம் தலைமை விருந்தினர். ஹெட்மாஸ்டர் அறை நாற்காலியை வெளியே கொண்டுவந்து போட்டு, பக்கத்தில் ஸ்டூலில் சோடா வைத்திருந்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஐயாவு நின்றார். உள்ளே வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். வரவில்லை.

முதல் ஆட்டத்தை அவர்கள் ஜெயித்தார்கள், இரண்டாவதை நாங்கள். மூன்றாவதில் சமமாக வந்து நின்றது. பழகும்போது 'தையலு' என்று கூப்பிட ஆரம்பித்திருந்த வேம்பு, அதுவரை ஊர் முன்னால் அந்தப் பெயரை வாயில் வரவிடாமல் சமாளித்திருந்தாள். ஒரு பந்து நெட்டில் பட்டுத் தெறித்து வேம்புவிடம் வந்தது. அவள் அதற்கு அடியில் போய் நின்ற வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தையலு" என்றது அந்தக் கணீர்க் குரல்.

தையல்நாயகி எகிறி அடித்தாள். பாயிண்ட். பிள்ளைகளெல்லாம் கத்தினார்கள். வேம்பு மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ரெத்தினம் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர் பக்கம் சாய்ந்தார்.

"யாரு அந்தப் புள்ள? ஐயாவு மவளா?"

"ஆமாங்க" என்றார் ஹெட்மாஸ்டர், அந்தப் பெயரைத் தானே கூப்பிட்டுவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு.

ரெத்தினம் நிமிர்ந்து மறுபடி வேம்புவைப் பார்த்தார். கோபமா, யோசனையா, அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. இந்த ஒரு தடவை வாய் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். பழக்கதோஷம், சின்னப்பிள்ளை என்று நானே போய்ச் சமாதானம் பேசலாம். அடுத்த தடவை அப்படிச் சொல்ல முடியாது. மேட்சுக்காக ஏழாவதாகச் சேர்த்திருந்த மாற்று ஆட்டக்காரி என் பக்கத்தில் தயாராக நின்றாள். ரெஃப்ரியை நோக்கிக் கையைப் பாதி தூக்கிவிட்டேன். வேம்பு அதைப் பார்த்தாள். வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் கையை இறக்கினேன்.

அடுத்த சர்வீஸ். பின்னால் நின்றவள் எடுத்து வேம்புவின் பக்கம் அனுப்பினாள். பந்து இறங்கிவரும் அந்த நேரத்துக்குள் வேம்பு ஒருமுறை வரப்பைப் பார்த்தாள். ஐயாவு இடத்தைவிட்டு நகரவில்லை. சைக்கிளை மட்டும் ஸ்டாண்டு போட்டுவிட்டு இரண்டு கையும் வெறுமனே தொங்க நின்றார். வேம்பு பந்துக்கு அடியில் போனாள். நான் சொல்லிக்கொடுத்ததைவிட மிக உயரமாக, தேவையே இல்லாத உயரத்துக்கு அதைத் தூக்கினாள். போச்சு, கெடுத்துவிட்டாள் என்று தலையில் கைவைக்கப் போனேன்.

"தையல்நாயகி" என்றாள்.

ஓரெழுத்துக் குறையாமல், அவசரமில்லாமல், நாற்று முடி வீசும்போது கூப்பிடுகிற அதே குரலில். அந்த முழுப் பெயரும் சொல்லி முடிவதற்கு அவ்வளவு உயரம் வேண்டியிருந்தது. வயலில் நட்டுக்கொண்டிருந்த ராசம்மாள் கையில் நாற்றோடு நிமிர்ந்தாள். நாற்காலியில் இருந்தவர், வரப்பில் நின்றவர், ஹெட்மாஸ்டர், நான், எல்லோரும் ஒரே பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அது மேலேயே நின்றது. கீழே தையல்நாயகி ஓடத் தொடங்கியிருந்தாள்.