நாலுக்குப் பதில் ஆறு

அண்ணன் புது ஜி.பி.எஸ். கருவியைப் பெட்டிகூடப் பிரிக்காமல் என் சாப்பாட்டு மேசையில் வைத்தான். "நீயே செட் பண்ணிக் கொடும்மா. இந்தப் புது மாடல் மெனு எல்லாம் எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது." மலையேற்றக் குழுவின் தலைவர் பேசும் பேச்சு இது. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தத் தலைவர் நான்.

நான் கடைசியாகக் குழுவை அழைத்துப் போன அன்று மலையில் மூடுபனி. வரைபடத்துக் கட்டங்களை வைத்து இடத்தைச் சொல்லும் ஆறு இலக்க எண் இருக்கிறதே, கட்ட எண், நாங்கள் கடக்க வேண்டிய கணவாயின் அந்த எண்ணைக் கருவியில் போட்டுவிட்டு முன்னால் நடந்தேன். அது எங்களை இருநூறு மீட்டர் தள்ளி, சரளைச் சரிவில் கொண்டுபோய் விட்டது. குழுவில் வந்த கணக்கு வாத்தியார் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். இன்றும் கைத்தடியோடுதான் நடக்கிறார்.

எல்லாரும் அவரைச் சுற்றி நிற்கும்போது, "கொடு, நான் பாக்கறேன்" என்று அண்ணன் கருவியை வாங்கினான். கொஞ்ச நேரம் கழித்துத் திரையைக் காட்டினான். நான் எண்ணை எழுதி வைத்திருந்த சீட்டில் கடைசி இலக்கம் நாலு, கருவியில் ஆறு. "நாலுக்குப் பதிலா ஆறு போட்டிருக்கே. விடு, யாருக்கும் ஆகறதுதான்" என்று முதுகைத் தட்டினான். அன்றோடு பொறுப்பை விட்டேன். அதற்குப் பிறகு போன் நம்பரைக்கூட மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். வீட்டில் அதற்கு ஓயாத கேலி.

இப்போது, இடத்தைக் கட்ட எண்ணாகக் காட்டும்படி கருவியை மாற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் காபியை உறிஞ்சியபடி, "டேட்டத்தையும் பாத்துக்கோ. அன்னிக்கு மாதிரி பழைய மேப்புலயே நின்னுடப் போகுது" என்றான்.

கருவி எந்த வரைபடத்தின் கணக்கில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்வதுதான் டேட்டம். அது மாறிப்போனால், சரியான எண்ணே இருநூறு மீட்டர் தள்ளிப்போய் நிற்கும். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை யாரும் எடுத்ததே இல்லை.

"அன்னிக்கு டேட்டம் தப்புன்னு உனக்கு யார் சொன்னா?"

அண்ணன் காபியைக் கீழே வைத்தான். "முந்தின நாள் உன் கருவியை வாங்கிட்டுப் போனேன்ல... என்கிட்ட இருந்த பழைய மேப்புக்காக மாத்தினேன். திருப்பி மாத்த மறந்துட்டேன்."

"அப்ப நான் போட்டது நாலுதான்."

"ம். மலையிலதான் ஞாபகம் வந்துது. உடனே மாத்தினேன். மாத்தினதும் நீ போட்ட அதே இடத்தைப் புதுக் கணக்குல ஆறுன்னு காட்டிச்சு."

"அதைத்தான் எல்லாருக்கும் காட்டினே."

"வாத்தியார் துடிச்சிட்டு இருந்தார். பயந்துட்டேன்மா."

மறந்ததை மன்னித்திருப்பேன். தட்டிக் கொடுத்தானே, அந்தக் கையைத்தான் மன்னிக்க முடியவில்லை. கூடப் பிறந்தவன் என்று நம்பி, அன்று அவன் தோளில்தான் சாய்ந்து அழுதேன்.

டேட்டத்தைச் சரிசெய்தேன். கணவாயின் கட்ட எண்ணைப் போட்டு, ஒரே ஒரு முறை படித்தேன். சரியாக இருந்தது. கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

"எங்கே கிளம்பிட்டே?"

"வாத்தியார் வீட்டுக்கு. எழுந்து வா. நாலு எப்படி ஆறாச்சுன்னு அவருக்கும் ஒரு தடவை காட்டு."