வால்வில் ஒரு வளர்ச்சி

1

இந்தக் கதை சுவரில் காதை வைத்ததால் பிறந்தது. இலக்கியத்துக்கு உகந்த பிறப்பு இல்லைதான். பக்கத்து வீட்டில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரும் அவர் மனைவியும் சண்டை பிடித்தால் நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவேன். (மரியாதைக்காக.)

முதல் வரி இப்படி வந்தது: மனித இதயம் ஒரு மாபெரும்...

மாபெரும் என்ன? தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

2

மாஸ்டருக்குச் சர்க்கரை வியாதி பழையது. இதயத்து வால்வு சுருங்கியது புதிது. மாற்றியே ஆகவேண்டும் என்றது ஆஸ்பத்திரி. அவர் பயந்து தள்ளிப்போட்டார். அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா, இப்படி இரண்டும் உள்ளவர்களின் ரத்தத்தில் ரத்தக்குழாய் வளர்வதைக் காட்டும் புரதங்களை* அளக்கிறார். மாஸ்டரும் கையை நீட்டினார். "உங்களுக்கு வளர்ச்சிக் குறியீடு அதிகமா இருக்கு" என்று டாக்டரம்மா சொன்னதுதான் தாமதம், மனிதர் எழுந்து வந்து தெருவெல்லாம் பறைசாற்றிவிட்டார்.

* இங்கே அவற்றின் பெயர்களை எழுதி அறிவைக் காட்ட நினைத்தேன். ஒன்றுகூட வாயில் நுழையவில்லை.

3

"வளர்ச்சின்னா நல்லதுதானே? மெயின் ரோடு அடைச்சா உடம்பே பைபாஸ் போட்டுக்குது. ஆபரேஷன் எதுக்கு?"

"ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது, இதுல பைபாஸாம்! நீங்க பாதியில எழுந்து வந்துட்டீங்க. மீதியை நான் கேட்டேன். நல்ல வால்வுல ரத்தக்குழாயே இருக்காதாம். அங்க போய் முளைச்சா கோளாறாம்."

"முளைக்கிறது கோளாறா?"

"வாசல் கேட்டு மேல கொடி படர்ந்தா பார்க்க அழகாத்தான் இருக்கும். கேட்டு திறக்குமா?"

மாஸ்டர் இருமினார். ('கனத்த மௌனம் நிலவியது' என்று எழுதியிருந்தேன். பொய். ஃபேன் கடகடவென்று ஓடியது.)

4

முடிவு ஒன்று: மாஸ்டர் மாடிப்படியில் சரிகிறார். கதைக்குக் கனம் கூடிவிட்டதென்று பூரித்தேன். ஏதோ பரிசுகூட மனதில் வந்துபோனது. மறுநாள் அதே மனிதர் அதே படியில் உட்கார்ந்து இளைத்தபடி, "என்னப்பா, முகமே சரியில்லையே, சாப்பிட்டியா?" என்று என்னை விசாரித்தார். வீட்டுக்கு வந்து கிழித்துப்போட்டேன்.

முடிவு இரண்டில் டாக்டரம்மா

(வேண்டாம். அவர் பாவம், ஆராய்ச்சியைப் பார்க்கட்டும்.)

5

சாயங்காலம் மாஸ்டரின் மனைவி கதவைத் தட்டினார்.

"தம்பி, எங்களை வெச்சுக் கதை எழுதுறியாமே?"

"அய்யோ, இல்லக்கா..."

"நடிக்காத. உன் டிவி சத்தம் குறைஞ்சாலே எங்களுக்குத் தெரியும். அவரு ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டதா எழுது. நான் சொன்னா காதுல ஏறாது. எழுத்துல இருந்தா அவருக்கு வேதவாக்கு. வியாழக்கிழமைக்குப் பெட் ஒதுக்கியிருக்காங்க. போகலைன்னா வேற யாருக்காவது குடுத்துடுவாங்க." வேறு எங்கோ பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தார். சுவர் வழியாக இது ஒருநாளும் கேட்டதில்லை.

எழுதினேன்: மாஸ்டர் "சரி" என்றார்.

படித்துப் பார்த்தால் என் குரல்தான் கேட்டது. ஒரே வார்த்தையில் எதையாவது ஒப்புக்கொள்கிற ஆளா அவர்?

6

ஆகவே வாசகரே... உங்களை அல்ல, மன்னிக்கவும், நீங்கள் சற்று நகர்ந்து உட்காருங்கள். மாஸ்டர், இந்தத் தாள்களை உங்கள் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் வைத்தது அக்காதான். நான் சொன்னதாக இருக்க வேண்டாம். முடிவு என்னிடம் இல்லை. இவ்வளவுதான் எழுத முடிந்தது. மீதி உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு:

வியாழக்கிழமை காலை. பையில் துணிகளை அடுக்கி ஜிப்பை இழுத்துவிட்டு, "கிளம்பலாமாங்க?" என்று அக்கா கேட்டார். மாஸ்டர்