அந்த அரை மணி நேரம்

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். அவர் மதியம் இரண்டு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். எனக்கு இரண்டுக்குத்தான் வேலை முடியும், வீடு வந்து சேர இரண்டரை ஆகிவிடும். பிழைக்க வந்த நாட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் எங்கள் ஏழு வயது மகள் அந்த அரை மணி நேரம் தனியாக இருப்பாள்.

இங்கே அது குற்றம். விஷயம் தெரிந்தால் அரசாங்க ஆட்கள் வந்து பிள்ளையையே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று என்னோடு வேலை செய்கிறவள் சொல்லியிருந்தாள். அதனால் மகளுக்கு இரண்டு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தேன். யார் கேட்டாலும் அம்மா குளிக்கிறாள் என்று சொல்ல வேண்டும். நான் வரும்வரை சத்தம் வெளியே கேட்கக் கூடாது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். போயும் போயும் இவளிடம் சொல்கிறோமே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அன்று நான் கதவைத் திறந்தபோது சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி டம்ளர் உடைந்து கிடந்தது. இடது உள்ளங்கை முழுக்கக் காப்பிப் பொடி. விரலை அறுத்துக்கொண்டால் நான் பொடியை வைத்து அழுத்துவதைப் பார்த்திருக்கிறாள். நாற்காலி போட்டு ஏறி, டப்பாவை எடுத்து, ஒற்றைக் கையால் திறந்து, தானே அப்பியிருக்கிறாள். அதையும் மீறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவளை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். அந்த ஊர்ப் பேச்சு எனக்குக் கேட்டால் புரியும், பேச வராது. மகள்தான் பதில் சொன்னாள். அடிபட்டபோது அம்மா எங்கே இருந்தாள் என்று கேட்டார் டாக்டர். குளித்துக்கொண்டிருந்தாள் என்றாள், கண் இமைக்காமல். காயத்தில் இதை வைத்தது யார் என்று அடுத்த கேள்வி. அதற்கு நான் பாடம் சொல்லித்தரவில்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அம்மா என்றாள்.

டாக்டர் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். ஒவ்வொரு துகளையும் கழுவி எடுத்த பிறகுதான் தையல் போட முடியுமாம். காயத்தில் இப்படியா எதையாவது அப்புவது என்றார். நான் தலையைத் தலையை ஆட்டினேன். பிள்ளை என் கையை விட்டுப் போகமாட்டாள் என்ற நினைப்பில் அந்தத் திட்டு தித்தித்தது. வெட்கங்கெட்ட நிம்மதி.

மரத்துப்போக உள்ளங்கையில் ஊசி போட்டார்கள். மூன்று தையல். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு முனகல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். இப்படியொரு தைரியசாலியைப் பார்த்ததே இல்லை என்று நர்ஸ் அவள் சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரைக் கழற்றும்போதுதான் கேட்டேன்.

"வலிக்கலையாடி கண்ணு?"

"ரொம்ப வலிச்சுது."

"அப்புறம் ஏன் அழல?"

"நீதானேம்மா சத்தம் போடக் கூடாதுன்னு சொன்ன."

"அது நான் வர்ற வரைக்கும்தானே?"

கொஞ்சம் யோசித்தாள். "அழுதா டாக்டர் மறுபடியும் கேள்வி கேப்பாங்க. நான் தப்பா சொல்லிட்டா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கல்ல?"

அந்தப் பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் சாப்பிடும்போது பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, இப்போது அழலாம், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் அழு என்றேன். முகத்தைச் சுளித்துப் பார்த்தாள். அழுகை வரவில்லை என்றாள். நாளைக்கும் லீவுதானே என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள் உடைந்துபோனேன். சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன்.

அவள் பதறி ஓடிவந்து, கட்டுப் போடாத கையால் என் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாம்மா. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடும்."