அம்மா இறங்கிப் போன பிறகு

மாதம் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறோம் என்று பிளம்பர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர் மனைவி சுற்றியது என்னவோ கவுண்டர் கவுண்டராகத்தான். இரண்டு மணி நேரம் காரில் போனால்தான் பெரிய நகரம் வரும். குடிநீர் அலுவலகம், கண்ணாடிக் கடை, மிக்சி ரிப்பேர் எல்லாம் அங்கேதான். அவள் மருந்துக்கடையில் கவுண்டருக்கு உள்ளே நிற்கிறவள், அதனால் வெளியே நின்று பேசவும் அவளே லாயக்கு என்பது வீட்டாரின் ஏகமனதான தீர்ப்பு. பிளம்பர் வெடித்த குழாய்க்கு முன்னால் புலி. ஆனால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒருவர் "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, நகரத்தில் வண்டி நிறுத்த இடமில்லை, யாராவது காரிலேயே இருக்க வேண்டும். நல்ல சாக்கு.

ஆக, அவள் இறங்குவாள். அவரும் மகளும் மகனும் வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு காரில் இருப்பார்கள். படியிறங்கும்போதே அவர்கள் சிரிப்பு அவள் காதில் விழும். நிமிர்ந்து பார்த்தால் மூன்று தலைகளும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்ததும் கப்சிப்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லம்மா."

சில நாள் இன்னும் மோசம். கால் கடுக்க நின்றும் காரியம் ஆகாமல், முகத்தைச் சரிசெய்துகொண்டு வருவாள். அன்று பார்த்து மூவரும் பரீட்சை எழுத உட்கார்ந்த மாதிரி வாயைத் திறக்க மாட்டார்கள். "எங்களுக்குப் போதும், நீ சாப்பிடு" என்று கடலைப் பொட்டலத்தை மட்டும் மடியில் வைப்பார் பிளம்பர். தான் வந்தாலே ஆட்டம் கலைந்துவிடுகிறது என்று அவளுக்கு வலிக்கும். யாரிடமும் சொன்னதில்லை. முன் சீட்டுக்குச் சண்டை போடலாம். சிரிப்பில் எனக்கும் இடம் கொடுங்கள் என்று எப்படிச் சண்டை போடுவது?

இந்த மாதம் அவள் குளியலறையில் வழுக்கியதில் அதற்கு ஒரு வழி பிறந்தது. கணுக்கால் வீங்கிவிட்டது.

"அடுத்த மாசம் போய்க்கலாமே," என்றார் பிளம்பர், ஆசையாக.

"குழாய் இணைப்புல பேர் மாத்துறதுக்கு ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னும் தள்ளிப் போடவா? நான் கார்ல உட்கார்ந்திருக்கேன். நீங்க இறங்குங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வழியெல்லாம் அவருக்குப் பயிற்சி நடந்தது. பதினொரு வயது மகள் பின்சீட்டில் அதிகாரியாக அமர்ந்து, இல்லாத மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"பழைய ரசீது எங்க?"

"அது வந்து… வீட்ல…"

"அடுத்த ஆள்!"

பெட்ரோல் பங்க் வருவதற்குள் பிளம்பரை ஒன்பது தடவை விரட்டியாகிவிட்டது. அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆனாலும் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த இன்னொரு சிரிப்பு.

அலுவலக வாசலில் பிளம்பர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். அவர் தலை மறைந்ததும் அவள் திரும்பி உட்கார்ந்தாள்.

"சரி, நான் போனதும் என்ன ஆட்டம் ஆடுவீங்க? இன்னைக்கு நானும் வரேன்."

இருவரும் திருதிருவென்று முழித்தார்கள். ஏழு வயது மகனுக்கு ரகசியம் என்றாலே வயிற்றில் தங்காது.

"உன்னை வெச்சுத்தாம்மா ஆடுவோம்."

"என்னை வெச்சா?"

"நீ நடந்து வர்றதைப் பார்த்தே உள்ள என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். பை வலது தோள்ல இருந்தா வேலை முடிஞ்சுது. கொண்டை போட்டுக்கிட்டே வந்தா சண்டை போட்டு ஜெயிச்சிருக்க. கையில வேற பேனா இருந்தா அவங்களுதை மறந்து எடுத்துட்டு வந்துட்ட!"

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அங்கே ஒருத்தி மன்றாடிக்கொண்டிருக்க, இங்கே அவள் நடையை வைத்து வேடிக்கையா?

"இத்தனை நாளா ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ நடிச்சு நடப்பியாம். அப்பா சொன்னாரு."

"அது சரி. வேலை முடியலைன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

மகன் அக்காவைப் பார்த்தான். மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"படியில ஒரு நிமிஷம் நிப்ப. தரையைப் பார்ப்ப. அப்புறம் ஒரு சிரிப்பைப் போட்டுக்கிட்டு வருவ. அது எங்களுக்காகப் போட்டுக்கிறதாம். அன்னைக்கு ஆட்டம் கிடையாது. அம்மாவை யாரும் எதுவும் கேட்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு. கடலை முழுசும் உனக்கு."

இத்தனை வருஷமாக மிச்சம் என்று நினைத்து அவள் தின்ற கடலை அது. அவர்களின் அந்த மௌனத்துக்காக வீடு போய்ச் சேரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கணுக்காலைத் தடவுகிற சாக்கில் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா வர்றாரு!"

மூன்று தலைகளும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டன.

"முடிஞ்சுது!" என்றான் மகன். "ஃபைலை வீசிக்கிட்டு வர்றாரு பாரு."

"இல்லடா, சட்டைப் பையைத் தடவுறாரு. எதையோ விட்டுட்டாரு," என்றாள் மகள்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிளம்பர் கடைசிப் படியில் நின்றார். தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, காது வரைக்கும் ஒரு சிரிப்பை இழுத்து வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

"ஷ்ஷ்," என்றாள் அவள். "யாரும் எதுவும் கேட்கக் கூடாது."

அவர் கதவைத் திறந்து உட்கார்ந்தார். படியிலேயே யோசித்து வைத்த பதிலோடு காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. அவள் கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே அவர் மடியில் வைத்தாள்.

பிளம்பர் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தார். மகன் சட்டென்று சீட்டுக்குக் கீழே எதையோ தேடலானான்.

"சொல்லிட்டானா?" என்றார், அசடு வழிய.

"முதல்ல சாப்பிடுங்க," என்றாள் அவள்.