ரெத்தூர் என்று ஓர் ஊர்

சைகோனில் துணி விற்றுவிட்டு, பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு புதுச்சேரிக்குத் திரும்பினேன். அதற்குள் ஊர் இந்தியாவாகிவிட்டது. பிறந்த தெருவிலேயே நான் வெளிநாட்டுக்காரன். வீட்டிலும் அப்படித்தான்.

மனைவி ரமீஜாவுக்கு வாங்கிவந்த செருப்பு இரண்டு விரல் சின்னது. “என் காலளவுகூட மறந்துபோச்சா?” என்றாள். சண்டை முற்றி, விழுப்புரத்து அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். “இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்!”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நானும் போனேன். என் வீரம் அவ்வளவுதான்.

திரும்பி வா என்று சொல்ல வாய் வரவில்லை. அவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில், டிக்கெட் கவுண்டரில் பிரெஞ்சில் கேட்டேன்: “விழுப்புரம் ஒண்ணு. அலே-ரெத்தூர்.”

குமாஸ்தா திருச்சியிலிருந்து புதிதாக வந்தவர். “விழுப்புரம் இருக்கு பாய். ரெத்தூர்னு ஒரு ஊரு இந்த லைன்லயே இல்லையே. திண்டிவனத்துக்கு அந்தப் பக்கமா?”

பின்னாலிருந்து ரமீஜா எட்டிப் பார்த்தாள்.

“ஐயே, அது ஊரு இல்லீங்க. போயிட்டு வர்றதுக்குக் கேக்குறாரு. ரிட்டர்ன் குடுங்க.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்ன பாக்குறீங்க? காசு குடுத்த டிக்கெட்ட வீணாக்கவா முடியும்?” என்று அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.