இருவர் ஆடும் விளையாட்டு

"அப்பா, உங்களுக்குப் பாயத் தெரியாது. விழத்தான் தெரியும்" என்று லக்சிகா சிரித்தாள். கார் பற்றறியில் ஓடிய ரிவித் திரையில், பரமலிங்கம் ஆட்டிய விளையாட்டு ஆள் மறுபடியும் கிடங்குக்குள் விழுந்திருந்தான். ஷெல் சத்தம் கிட்ட வந்தது. அந்த வீடியோ விளையாட்டுப் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி, பிளாஸ்ரிக் பரலுக்குள் வைத்து, இருவருமாக முற்றத்தில் புதைத்தார்கள். ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஊரே நம்பி இடம்பெயர்ந்தது.

மகளைக் கடற்கரை மணலில் புதைத்துவிட்டு, அவரும் மனைவி கமலாசனியும் மட்டும் கிளிநொச்சிக்குத் திரும்பினார்கள். பெட்டி புதைத்த இடத்துக்கு அடையாளமாக நின்ற முருங்கையும் இல்லை. போன மாதம் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டியபோதுதான் பரல் தட்டுப்பட்டது.

துருவைச் சுரண்டி மின்சாரம் கொடுத்ததும் பாட்டு வந்தது, படம் வரவில்லை. வீடியோ வயர் செருகும் சொக்கற்றை வவுனியாவில் வாங்கி மாற்றினார். அப்போதும் திரை கறுப்புத்தான்.

"இனி ஆர் விளையாடப் போகினம்? விடுங்கோவன்" என்றாள் கமலாசனி.

"விளையாட இல்லை. பிள்ளை பாத்த படத்தை ஒருக்காப் பாக்கோணும்."

படத்தை அனுப்பும் சின்ன ரான்சிஸ்ரரையும் மாற்றியபோது திரை நீலமானது. கமலாசனி குசினியிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். ஆடுவது ஒருவரா, இருவரா என்று திரை கேட்டது; தெரிவைக் காட்டும் அம்பு 'ஒருவர்' என்ற வரியில் நின்றது. பெட்டியைப் போட்டவுடனேயே லக்சிகா அம்பை 'இருவர்' என்ற வரிக்கு இறக்கிவிடுவாள்.

பரமலிங்கம் அணைத்துவிட்டு மறுபடியும் போட்டார். அம்பு திரும்பவும் 'ஒருவர்' என்ற வரியிலேயே வந்து நின்றது. முன்பும் அது முதலில் அங்கேதான் வந்து நிற்கும்; இறக்கிவிட லக்சிகா இருந்தாள்.